வெண்டைக்காய் ஒத்துக்காது

கேள்வி: பதினைந்து வருடமாகத் துப்பாக்கிச் சண்டை கேம் மட்டும்தான் ஆடுகிறேன். முறை வைத்து ஆடுவது, சீட்டு, 'சோல்ஸ்' மாதிரி செத்துச் செத்து ஆடுவது எதுவும் எனக்கு ஒத்துக்காது. ஆபீஸ் நண்பர்கள் அந்த மாதிரி ஆட்டத்தை வாங்கு வாங்கு என்று உயிரை எடுக்கிறார்கள். பிடிக்காத வகையில் ஒரு வீடியோ கேமை ரசிக்க முடியுமா? என் மனைவிக்கோ நான் ஆடுவதைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.
(பெயர் வேண்டாம், பெரம்பூர்)

பதில்: பெயரை மறைக்கிற அளவுக்கு இதில் என்ன குற்றம் இருக்கிறதென்று தெரியவில்லை. போகட்டும்.

'ஒத்துக்காது' என்று எழுதியிருக்கிறீர்கள். அருமையான சொல். கத்தரிக்காய் ஒத்துக்காது, ஏசி ஒத்துக்காது, மாமனார் ஊர்த் தண்ணீர் ஒத்துக்காது. பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்கும்போதெல்லாம் நம் ஆட்கள் உடம்பைச் சாட்சிக்கு இழுக்கிற சொல் அது. வெண்டைக்காய் ஒத்துக்காது என்பவர்களைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்து பாருங்கள். அவர்களுக்கு ஆகாதது வழவழப்பு. அந்த வழவழப்புக்குக் காய் பொறுப்பில்லை, சமைத்தவர்தான் பொறுப்பு. ஈரத்தோடு நறுக்கினால் கொழகொழக்கும். கழுவி, துணியால் துடைத்து, அரை மணி காற்றாட விட்டு நறுக்க வேண்டும். அகலமான வாணலி வேண்டும், மூடி கூடாது. மூடினால் ஆவி தண்ணீராகி மறுபடி காய்மேலேயே சொட்டும். உப்பை முதலில் போட்டால் காய் நீர் விடும், கடைசியில் போடுங்கள். கால் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி தயிர் விட்டால் போதும், புளிப்புப் பட்டதும் இழை அறுந்துவிடும்.

சமையல் குறிப்புப் பக்கம் தனியாக இருக்கிறது என்று உதவி ஆசிரியர் முறைக்கிறார். விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு ஆகாதது ஒரு முழு வகை இல்லை, அதில் ஏதோ ஒரு வழவழப்பு. அது எது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முறை வைத்து ஆடுவது ஒத்துக்காது என்று சென்னையிலிருந்து எழுத நெஞ்சழுத்தம் வேண்டும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயது குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனது வேறு எப்படி ஆடி? செத்தால் முதலிலிருந்து என்பதும் உங்களுக்குப் புதிதில்லை. தாயம் விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்காது. பழம் ஆகப் போகிற நேரத்தில் வெட்டுப்பட்டால் வீட்டுக்குத் திரும்பி மறுபடி ஒன்று விழக் காத்திருக்க வேண்டும். இதைப் பாட்டியோடு ஆடினால் பாரம்பரியம், கணினியில் ஆடினால் ஒத்துக்காதா?

துப்பாக்கிக்காரர்களுக்கு முறையாட்டத்தில் எரிச்சலூட்டுவது காத்திருப்பது. எதிரி என்ன செய்வான் என்று தெரியாமல் காத்திருந்தால் கொட்டாவிதான் வரும். அதனால் எதிரி அடுத்து என்ன செய்யப் போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுகிற ஆட்டத்தில் தொடங்குங்கள். 2019இல் முழுமையாக வெளியான 'ஸ்லே த ஸ்பயர்' அப்படிப்பட்டது. சீட்டுப் போட்டுச் சண்டையிட்டு ஒரு கோபுரத்தின் உச்சிக்கு ஏறுகிற ஆட்டம். அயர்ன்கிளாட் என்ற வீரனுக்கு ஆரம்பத்தில் 10 சீட்டு. ஒவ்வொரு முறையும் கைக்கு 5 சீட்டு வரும், செலவழிக்க 3 சக்தி. ஜா வோர்ம் என்ற புழு எதிரே நிற்கிறது, அதன் தலைக்கு மேல் 11 என்று எண் தெரிகிறது. அத்தனை அடி விழப் போகிறது என்று அர்த்தம். தடுப்புச் சீட்டு ஒன்று 5 தாங்கும், அடிச் சீட்டு ஒன்று 6 வெட்டும், எதைப் போட்டாலும் 1 சக்தி செலவு. இரண்டு தடுப்பு, ஒரு அடி போட்டால் உங்களுக்குச் சேதம் 1. மூன்றையும் அடியாகவே போட்டால் 18 வெட்டலாம், ஆனால் 11 வாங்கிக்கொள்வீர்கள். அடுத்த முறை அதன் தலைமேல் தாக்கும் குறி இல்லையென்றால் தடுப்பு வீண், மொத்தமாக அடியுங்கள். எதிரி குண்டு நிரப்பும் நேரம் பார்த்துப் பாய்வீர்களே, அதே கணக்கு.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் கவிழ்கிறார்கள். சண்டை முடிந்ததும் ஒரு சீட்டு எடுத்துக்கொள் என்று ஆட்டம் நீட்டும். கல்யாணப் பந்தி மாதிரி ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லாமல் எடுத்துக்கொள்வார்கள். சீட்டுக்கட்டில் 10 சீட்டு இருந்தால் நல்ல சீட்டு இரண்டு முறைக்கு ஒருதரம் கைக்கு வரும். 30 ஆனால் ஆறு முறைக்கு ஒருதரம், அதற்குள் கதை முடிந்திருக்கும். வேண்டாம் என்று தாண்டிப் போகப் பொத்தான் இருக்கிறது. ஆரம்ப அடிச் சீட்டுகளைக் கடைக்காரனிடம் 75 பொற்காசு கொடுத்துக் கழித்துவிடவும் வழி உண்டு. ஒவ்வொரு தரமும் கட்டணம் 25 ஏறும்.

சீட்டு என்றதும் 'ஐயோ சூது' என்று கடிதம் எழுதக் காகிதம் எடுத்துவிட்ட பழைய வாசகர்களுக்கு: காசு வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியை வீடியோ கேம் என்ற ஒரே கூடையில் போடாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போய்விட்டது. 2025இல் மத்திய அரசின் சட்டமே இரண்டையும் பிரித்துவிட்டது, நீங்களும் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, செத்துச் செத்து ஆடுவது. 2022இல் வந்த 'எல்டன் ரிங்'கில் கடினத்தைக் குறைக்கும் பொத்தான் கிடையாது. குறைக்கும் வழியை வரைபடத்தில் இறைத்து வைத்திருக்கிறார்கள். கோட்டை வாசலில் மார்கிட் என்ற தடியன் நிற்பான். நேரே போய் முப்பது தரம் மோதி, ஒத்துக்காது என்று எழுந்து போகிறவர்கள்தான் அதிகம். திரும்பித் தெற்கே வீப்பிங் தீபகற்பத்துக்குப் போங்கள். விகர் என்ற உயிர்பலத்தை 20 வரை ஏற்றுங்கள். ஆயுதத்தைப் பலப்படுத்தும் முதல் தரப் பட்டறைக் கல் 12 சேர்ந்தால் (படிக்கு 2, 4, 6 என்று) ஆயுதம் மூன்று படி ஏறி +3 ஆகும். எல்லே தேவாலயத்துப் பட்டறையிலேயே அதுவரை ஏற்றலாம். குதிரை கிடைத்தபின் இரவில் அங்கே வந்தால் ஒரு சூனியக்காரி மணி ஒன்று தருவாள், அடித்தால் மூன்று ஓநாய்கள் துணைக்கு வரும். ஆயுதம், கவசத்தின் சுமை தாங்கக்கூடிய அளவில் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். தாண்டினால் உருளுவது அரிசி மூட்டை உருளுகிற மாதிரி இருக்கும். மார்கிட் தடியை ஓங்கிவிட்டு வேண்டுமென்றே நிறுத்துவான். ஓங்கும்போது உருண்டால் எழும்போது அடி விழும். இறங்கும்போது உருளுங்கள்.

இவ்வளவும் செய்து நேரம் தப்பிக்கொண்டே இருந்தால் டிவியைச் சந்தேகியுங்கள். 'கேம் மோடு' போடாத டிவி படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குள் உங்கள் பொத்தான் பிந்திவிடும். ஆள் தானாக நடந்தால் கன்ட்ரோலர் குச்சி தேய்ந்திருக்கிறது. குச்சியின் லேசான அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் 'டெட் ஸோன்' அளவைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது.

எளிய முறையில் ஆடுவது இழுக்கு என்று ஒரு கோஷ்டி உண்டு. எனக்கும் அவர்களுக்கும் ஆகாது. மெஸ்ஸில் 'காரம் கம்மியா' என்று கேட்பவரைப் பக்கத்து இலைக்காரர் அடிக்க வருகிறாரா? 'செலஸ்ட்' ஆட்டத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைக்க அதைச் செய்தவர்களே இடம் வைத்திருக்கிறார்கள். 'ஹேடிஸ்'இல் காட் மோடு போட்டால் விழும் அடி 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவீதம், 80 வரை. வழவழப்பைச் சமையல்காரரே எடுத்துத் தருகிறார், வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது ஒரு கணக்கு. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். ஸ்லே த ஸ்பயரை எடைபோட அந்த நேரம் தாராளம். எல்டன் ரிங்கில் முகத்துக்கு மூக்கு வைப்பதற்குள்ளேயே அரை மணி போய்விடும், ஆகவே மூக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் நிஜமாகவே ஒத்துக்காதது உங்கள் மனைவிக்குத்தான். கண் ஓடுகிறோம் என்கிறது, உள்காது உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது. குச்சி உங்கள் கையில் இருப்பதால் எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் அவருக்குச் சுற்றுகிறது. அசையும்போது படத்தைக் கலங்கலாக்கும் மோஷன் பிளர், நடக்கும்போது கேமரா போடும் தலையாட்டம் இரண்டையும் அணையுங்கள். பார்வைக் கோணம் 60, 70 டிகிரியில் இருந்தால் 90க்கு ஏற்றுங்கள். அதனால் நொடிக்கு ஓடும் பிரேம் 60க்குக் கீழே திணறினால் கிராபிக்ஸைக் குறையுங்கள். அறை விளக்கு எரியட்டும், நாற்காலி டிவியிலிருந்து தள்ளிப் போகட்டும். குமட்டல் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும், பழகிவிடும் என்று பல்லைக் கடிப்பதில் பயனில்லை.

இல்லையென்றால் ஸ்லே த ஸ்பயரை அவர் கையில் கொடுங்கள். அதில் கேமரா சுற்றுவதே கிடையாது. யார் முதலில் கோபுர உச்சிக்குப் போனார் என்று எழுதுங்கள், இந்தத் தடவை பெயரோடு.