பழைய பிக்கப் கோத்தகிரி மேட்டில் இழுக்கவில்லை: டீசல் பம்பைப் பிரிக்கும் முன்

அண்ணா, 2010 மாடல் டர்போ டீசல் பிக்கப், உர மூட்டையோடு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது இரண்டாவது கியரே திணறுகிறது, கரும்புகை தள்ளுகிறது, மெக்கானிக் பம்பைப் பிரிக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பம்பில் இப்போதைக்குக் கை வைக்க விடாதீர்கள்.

கரும்புகை வந்தால் பெரும்பாலும் இன்ஜினுக்குள் டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்றுதான் போதவில்லை. மேலே ஏற ஏறக் காற்றும் மெலியும். அதை ஓரளவு ஈடுகட்டுவது, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ. அதிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் ஓட்டை இருந்தால் அது தள்ளும் காற்று வெளியே போய்விடும். என் வண்டியிலும் இதே கதைதான். மேலாகப் பார்த்தால் ஹோஸ் புதுசு போல இருந்தது. அடிப்பக்கம், கிளாம்ப் கடிக்கும் இடத்தில் எண்ணெயும் புழுதியும் கலந்து பசை மாதிரி அப்பியிருந்தது. துடைத்துவிட்டு, பையனை ஆக்சிலரேட்டர் மிதிக்கச் சொன்னால், வெடிப்பு வாயைத் திறந்து 'உஸ்' என்றது. ஏர் ஃபில்டரையும் அப்படியே கழற்றிப் பாருங்கள்.

ஹோஸ் சரியாக இருந்தால் அடுத்து இ.ஜி.ஆர். வால்வு, அதாவது எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு. கரி பிடித்துத் திறந்தபடி நின்றாலும் இதே புகைதான்.

அப்புறம், பெரிய சைஸ் டயர் போட்டதாகச் சொன்னீர்களே, அதுவும் மேட்டில் இழுவையைக் குறைக்கும். பழைய சைஸுக்கே திரும்புங்கள்.

கொண்டை ஊசி வளைவுக்குள் போன பிறகு கியர் குறைக்காதீர்கள், முன்னாலேயே குறைத்துவிடுங்கள். ஹோஸைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.