பொலோன்யாவில் ஓர் இரவாவது தங்குங்கள்: கேள்வி பதில்

இத்தாலி போகும் நம்மவர்கள் பெரும்பாலும் ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் என்று மூன்று ஊர்களோடு திரும்பிவிடுகிறார்கள். ஃப்ளோரன்ஸுக்கும் வெனிஸுக்கும் நடுவே ரயில் பொலோன்யாவில் நிற்கும். இறங்குவதற்குத்தான் ஆள் இருக்காது. படிப்பும் வேலையுமாக ஆறு வருஷம் அந்த ஊரில் இருந்தவள் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஃப்ளோரன்ஸிலிருந்து வெனிஸ் போகும் வழியில் நாலு மணி நேரம் இறங்கிப் பார்த்தால் போதுமா?

போதாது. ஃப்ளோரன்ஸிலிருந்து வேக ரயிலில் நாற்பது நிமிஷம்கூட ஆகாது, வெனிஸுக்கு ஒன்றரை மணி நேரம். இவ்வளவு பக்கம் என்பதால்தான் எல்லோரும் பையை நிலையத்தில் வைத்துவிட்டு ஓடி வருகிறார்கள். நாலு மணி நேரத்தில் சதுக்கத்தையும் கோபுரங்களையும் பார்த்து ஒரு தட்டு பாஸ்தா சாப்பிடலாம், அவ்வளவுதான். இந்த ஊர் உயிர் பெறுவது மாலை ஆறு மணிக்கு மேல். அந்த நேரத்தில் நீங்கள் ரயிலில் உட்கார்ந்திருப்பீர்கள். இரண்டு இரவு தங்குங்கள், முடியாவிட்டால் ஒன்றாவது. மொதெனா, ஃபெர்ராரா, ராவென்னா எல்லாம் இங்கிருந்து சாதாரண ரயிலிலேயே போய் வரக்கூடிய தூரம்.

கேள்வி: பகலில் எதையெல்லாம் தவறவிடக் கூடாது?

பியாட்சா மஜோரே சதுக்கத்தில் தொடங்குங்கள். அங்குள்ள சான் பெத்ரோனியோ பேராலயத்தை 1390இல் கட்ட ஆரம்பித்தார்கள். முகப்பின் கீழ்ப்பாதி பளிங்கு, மேல்பாதி வெறும் செங்கல், இன்றுவரை முடியவில்லை. உள்ளே தரையில் 66 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு கோடு ஓடுகிறது. வானியலாளர் காசினி 1655இல் அமைத்தது. கூரையில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. அதன் வழியாக வரும் வெயில், வட்டமாக நகர்ந்து வந்து உச்சிப் பொழுதில் சரியாக அந்தக் கோட்டின் மேல் நிற்கும். கோடையில் மதியம் ஒன்றேகாலை ஒட்டி, குளிர்காலத்தில் பன்னிரண்டேகாலை ஒட்டிப் போய் நில்லுங்கள். மதிய இடைவேளைக்குப் பூட்டுகிறார்களா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சூரியன் கோட்டைத் தொடும் அந்த நொடியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

பக்கத்திலேயே ஆர்கிஜின்னாசியோ, பழைய பல்கலைக்கழகக் கட்டடம். பொலோன்யா பல்கலைக்கழகம் 1088இல் தொடங்கியதாகக் கணக்கு. இந்தக் கட்டடம் 1563இல் வந்தது. சுவரெல்லாம் மாணவர்களின் குடும்பச் சின்னங்கள். மேல்மாடியில், பிணத்தை அறுத்து மருத்துவம் கற்பித்த மர அரங்கம் இருக்கிறது. பேராசிரியரின் இருக்கைக்கு மேலுள்ள விதானத்தைத் தாங்கி நிற்பவர்கள் தோல் உரித்த இரண்டு மனிதர்கள், மரத்தில் செதுக்கியவை. 1944 ஜனவரியில் குண்டு விழுந்து இந்த அரங்கம் நொறுங்கியது. இடிபாட்டிலிருந்து துண்டுகளைப் பொறுக்கித் திரும்பக் கட்டினார்கள். அதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் ஒவ்வொரு பலகையையும் வேறு மாதிரி பார்ப்பீர்கள்.

ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் நான் சொல்வது சாந்தா மரியா தெல்லா வீத்தா தேவாலயம். இறந்த கிறிஸ்துவைச் சுற்றி நிற்பவர்களை நிக்கோலோ தெல்லார்கா 15ஆம் நூற்றாண்டில் சுடுமண்ணில் ஆளுயரத்துக்குச் செய்திருக்கிறார். அதில் ஒரு பெண் ஓடிவந்த வேகத்தில் துணி பின்னால் பறக்க, வாய் திறந்து அலறுகிறாள். சத்தம் காதில் விழுவது போலவே இருக்கும். முதல் தடவை பார்த்துவிட்டு நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

சான் தொமெனிகோ ஆலயத்தில், இருபது வயதை ஒட்டிய மைக்கேலாஞ்சலோ செதுக்கிய சிறிய தேவதை ஒன்று விளக்குத் தண்டைப் பிடித்திருக்கிறது. அங்கே கூட்டமே இருக்காது.

கேள்வி: இரண்டு கோபுரங்களில் ஏறலாமா? படத்தில் பார்த்ததிலிருந்து ஆசை.

இப்போது முடியாது. உயரமானது அசினெல்லி: 97 மீட்டர், 498 படி. பக்கத்தில் குட்டையாகச் சாய்ந்து நிற்பது காரிசெந்தா: 48 மீட்டர். சாய்வு பயமுறுத்தியதால் 14ஆம் நூற்றாண்டிலேயே அதன் மேல்பகுதியை எடுத்துவிட்டார்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் நரக காண்டத்தில் ஓர் அரக்கன் குனிவதைச் சொல்ல இந்தக் கோபுரத்தைத்தான் உவமையாகக் கொள்கிறார். 2023 அக்டோபரில் காரிசெந்தாவின் நிலை மோசமானது தெரிந்ததும் சுற்றிலும் அடைத்துவிட்டார்கள், அசினெல்லியையும் மூடினார்கள். பலப்படுத்தும் வேலைக்குப் பல வருஷம் பிடிக்கும். மேலிருந்து ஊரைப் பார்க்க வேண்டுமானால் சதுக்கத்திலேயே பலாட்சோ தாக்கூர்சியோவின் மணிக்கூண்டு இருக்கிறது. சிவப்பு ஓட்டுக் கூரைகள் அங்கிருந்தும் நன்றாகத் தெரியும்.

இன்னொரு விஷயம். பட்டம் வாங்கும் முன் அசினெல்லியில் ஏறினால் பட்டமே கிடைக்காது என்பது அங்கே மாணவர்களின் நம்பிக்கை. நானும் ஏறாமல்தான் இருந்தேன்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. சான் லூக்கா மலைக்கு நடந்து போக முடியுமா?

பாதி முடியும். அதற்கு முன் போர்ட்டிகோ பற்றிச் சொல்லிவிடுகிறேன், பொலோன்யா என்றாலே அதுதான். வீட்டின் மேல்மாடி தெருவை நோக்கி நீண்டிருக்கும், அதைத் தூண்கள் தாங்கும், கீழே எல்லோரும் நடக்கலாம். படிக்க வரும் கூட்டத்துக்கு அறை வேண்டியிருந்தது, மாடியை வெளியே இழுத்துக் கட்டினார்கள். மற்ற ஊர்கள் இதைத் தடை செய்தபோது பொலோன்யா 1288இல் கட்டாயமாக்கியது. இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. குதிரையில் வருபவர் தலை இடிக்காத உயரம் வேண்டும் என்றும் விதி. இன்று மொத்தம் 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

அதில் நீளமானதுதான் மலையுச்சியில் இருக்கும் சான் லூக்கா ஆலயத்துக்குப் போகும் வழி. சரகோத்ஸா வாசலிலிருந்து 666 வளைவுகள், 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மெலோன்செல்லோ வளைவு வரை சமதளம், அப்பாவோடு பேசிக்கொண்டே போகலாம். அதற்கு மேல் நல்ல ஏற்றம், முட்டிவலி இருந்தால் வேண்டாம். சதுக்கத்திலிருந்து சின்னச் சுற்றுலா வண்டி மேலே வரை போகிறது. அதில் ஏறிப் போய்விட்டு, வரும்போது நிதானமாக இறங்கி வருவது ஒரு வழி. மழை பெய்தாலும் நனைய மாட்டீர்கள்.

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் வருகிறோம். இரவில் எங்கே போவது? ஒருவன் குடிக்க மாட்டான்.

பெரிய டிஸ்கோ கனவோடு வராதீர்கள். இங்கே இரவு என்பது தெருவும் பேச்சும் பாட்டும்.

ஆறரை மணிக்கு சதுக்கத்தின் பக்கத்துச் சந்துகளுக்குப் போங்கள், அந்தப் பகுதிக்குக் குவாட்ரிலாத்தெரோ என்று பெயர். பகலில் மீன், காய், சீஸ் கடைகள். மாலையில் அதே சந்தில் மேஜைகள் போட்டுவிடுவார்கள். சாப்பாட்டுக்கு முன் ஒரு கிளாஸ், கூடவே கொறிக்க ஏதாவது. இதுதான் அப்பெரிதீவோ. உங்கள் நண்பர் 'அனால்கோலிகோ' என்று கேட்டால் மது கலக்காத பானம் தருவார்கள், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். அங்கேயே ஒஸ்தெரியா தெல் சோலே என்ற மதுக்கடை, 1465 முதல் இருக்கிறது. உள்ளே சாப்பாடு விற்பதில்லை. பக்கத்துக் கடையில் ரொட்டியும் சீஸும் வாங்கி வந்து அவர்கள் நீள மேஜையில் பிரித்துச் சாப்பிடலாம், பானம் மட்டும் அவர்களிடம் வாங்க வேண்டும். அறிமுகமில்லாதவர்களோடு தோள் இடிக்க உட்கார்ந்து பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் எனக்குத் தெரியாது. சீக்கிரம் மூடிவிடுவார்கள், அதனால் முதலில் அங்கே போங்கள்.

அப்புறம் இரண்டு பக்கம். ஜாஸ் கேட்க மஸ்கரெல்லா தெருவில் கந்தீனா பென்திவோல்யோ, நிலவறையில் சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம், மேஜைக்கு முன்பதிவு செய்யுங்கள். 2006இல் யுனெஸ்கோ இந்த ஊரை இசை நகரம் என்று அறிவித்ததற்கு ஏற்ற இடம். கலகலப்பும் மலிவும் வேண்டும் என்றால் பிரதெல்லோ தெரு, நெடுக மதுக்கடைகள். மாணவர் கூட்டம் பியாட்சா வெர்தியில்.

ஜூன் கடைசி, ஜூலை என்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு பியாட்சா மஜோரேவுக்கு வாருங்கள். ஊரின் திரைப்படக் காப்பகம் இரவில் பெரிய திரை கட்டிப் பழைய படங்களை இலவசமாகப் போடும். ஆயிரக்கணக்கானவர்கள் நாற்காலியிலும் ஆலயப் படிகளிலும் உட்கார்ந்திருப்பார்கள். இருட்டிய பிறகுதான் படம், ஆகவே ஒன்பதரைக்கு மேல் ஆகும்.

கேள்வி: தனியாக வரும் பெண்ணுக்கு இரவில் பாதுகாப்பா?

நான் ஆறு வருஷம் நள்ளிரவில் போர்ட்டிகோ வழியாக நடந்து வீடு திரும்பியிருக்கிறேன். நடுநகரில் ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் இருக்கும். பியாட்சா வெர்தி பின்னிரவில் போதைக் கூட்டமாக மாறும், ரயில் நிலையத்தைச் சுற்றியும் அந்த நேரத்தில் தனியாக நிற்க வேண்டாம். பையைக் குறுக்காக மாட்டிக்கொள்ளுங்கள், கைபேசியை மேஜை மேல் வைக்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பொலோன்யாவில் பட்டினிதானா?

இல்லை, ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். ஊரின் பெருமையே மாமிசம்தான். தல்யத்தெல்லே பாஸ்தாவோடு வரும் 'ராகு' என்பது இறைச்சிக் குழம்பு, தொர்தெல்லினி என்ற சின்னப் பொதி பாஸ்தாவுக்குள் பன்றி இறைச்சி, அது மிதப்பது இறைச்சிச் சாறு. நீங்கள் கேட்க வேண்டியது 'தொர்தெல்லோனி', கடைசி எழுத்துகளைக் கவனியுங்கள். அளவில் பெரியது, உள்ளே ரிக்கோத்தா பாலாடைக்கட்டி. வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள். முதல் வாரம் ஒரு சின்னக் கடையில் 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னேன், ஹாம், அதாவது பதப்படுத்திய பன்றி இறைச்சி, வைத்துக் கொடுத்தார்கள். 'சைவம்' என்பதற்கான 'வெஜெதரியானோ' என்ற சொல்லோடு, 'ஹாமும் வேண்டாம், மீனும் வேண்டாம்' என்று பிரித்துச் சொல்லுங்கள். பியாதீனா ரொட்டி மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், எண்ணெயில் செய்ததா என்று கேளுங்கள். பார்மிஜானோ சீஸ் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரிய வைக்கும் ரென்னட் இல்லாமல் செய்யப்படுவதில்லை. அது ஒத்துவராதவர்கள் முன்கூட்டியே தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பில்லில் 'கொபெர்தோ' என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருந்தால் பதறாதீர்கள், உட்காரும் கட்டணம் அது.

கேள்வி: ஏப்ரலில் விடுதி விலை இரட்டிப்பாகக் காட்டுகிறதே?

குழந்தைகள் புத்தகக் கண்காட்சி வாரமாக இருக்கும். உலகப் பதிப்பாளர்கள் எல்லோரும் வருவார்கள். நம் சென்னையின் தாரா புக்ஸ் 2013இல் ஆசியாவின் சிறந்த குழந்தைப் பதிப்பகமாக அங்கேதான் பரிசு வாங்கியது. ஒரு வாரம் தள்ளிப் போட்டால் விலை இறங்கும். ஆகஸ்ட் நடுவில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். மே, அக்டோபர் நல்லது.

கேள்வி: விமான நிலையத்திலிருந்து?

மோனோரயில், ஏழெட்டு நிமிஷத்தில் ரயில் நிலையம். தூரத்துக்கு விலை அதிகம்தான்.

கேள்வி: ரயில் நிலைய வாசலில் ஒரு கடிகாரம் எப்போதும் 10:25 காட்டுகிறது. பழுதா?

பழுதில்லை. 1980 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, கோடை விடுமுறைக் கூட்டம். காலை 10:25க்கு இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் நவபாசிசக் குழு வைத்த குண்டு வெடித்தது. 85 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் காயம். ஆம்புலன்ஸ் போதாமல் 37ஆம் எண் நகரப் பேருந்தில் உடல்களை ஏற்றிப் போனார்கள். அந்தக் காத்திருப்பு அறை இன்றும் இயங்குகிறது. சுவரில் வெடித்த பிளவை அப்படியே விட்டு, பக்கத்தில் 85 பெயர்களையும் வயதையும் பொறித்திருக்கிறார்கள். மிகச் சிறியவளுக்கு மூன்று வயது. வெனிஸ் ரயிலுக்குப் பத்து நிமிஷம் முன்னதாக வந்து, முதல் நடைமேடைப் பக்கமிருந்து அந்த அறைக்குள் போய்ப் படியுங்கள்.