கேம், கிராண்டா, ரீ: எது ஆற்றின் பிறப்பிடம்?

கேள்வி: மகள் கேம்பிரிட்ஜில் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போது கேம் ஆறு பிறக்கும் இடத்தையும் பார்க்க ஆசை. வரைபடத்தில் கேம், கிராண்டா, ரீ என்று மூன்று பெயர்கள் வருகின்றன. எங்கே போவது?

ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ஆஷ்வெல் கிராமத்துக்குப் போங்கள். ஊரின் பிரதான தெருவை ஒட்டியே சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து ஊற்று கிளம்புகிறது. கேமின் ஒரு கிளையான ரீ தொடங்குவது இங்கேதான். இன்னொரு கிளையான கிராண்டா, எசெக்ஸில் டெப்டன் பக்கம் வயல்களுக்கு நடுவே தொடங்குகிறது. அங்கே கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டும் கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே ஹாக்ஸ்டன் அருகே சேர்கின்றன. இரண்டு கிளைகளுக்குமே கேம் என்ற பெயரும் உண்டு. குழப்பம் அங்கேதான்.

சரி, ஏன் இத்தனை பெயர்? ஆற்றின் பழைய பெயர் கிராண்டா. அதன்மேல் கட்டிய பாலத்தால் ஊர் 'கிராண்டபிரிஜ்' ஆனது. பிரான்சிலிருந்து நார்மானியர் படையெடுத்து வந்த பிறகு அந்தப் பெயர் மக்கள் வாயில் மெல்ல மாறி, கடைசியில் கேம்பிரிட்ஜ் என்று நின்றது. ஊர்ப்பெயரில் கிராண்டா காணாமல் போகவே, 'கேம் மேல் உள்ள பாலம்' என்று கொண்டு ஆற்றையும் கேம் என்றார்கள். அதாவது, ஆறு ஊருக்குக் கொடுத்த பெயர் உருமாறி ஆற்றுக்கே திரும்பி வந்திருக்கிறது. இங்கிலாந்தில் இது அபூர்வமும் இல்லை: செல்ம்ஸ்ஃபோர்டிலிருந்து செல்மர், அருண்டெலிலிருந்து அருண் என்று ஆறுகள் பெயர் பெற்றது இப்படித்தான். எனக்கென்னவோ கிராண்டாதான் அழகான பெயர். கேம்பிரிட்ஜிலிருந்து ஆற்றின் எதிர்த்திசையில் கிரான்செஸ்டர் கிராமம் வரையுள்ள பகுதியை இன்றும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. விசாரிக்கும்போது அந்தப் பெயர் காதில் விழுந்தால் வேறு ஆறு என்று நினைத்துவிடாதீர்கள்.

நகரைத் தாண்டியதும் பெயர்த் தொல்லை இல்லை. கேம், ஈலி நகருக்குத் தெற்கே போப்ஸ் கார்னர் என்ற இடத்தில் கிரேட் ஊஸ் ஆற்றில் கலந்து, கிங்ஸ் லின் வழியாக வட கடலுக்குப் போகிறது.

ஆஷ்வெல்லுக்கு ரயிலில் போவதானால் 'ஆஷ்வெல் அண்ட் மார்டன்' நிலையத்தில் இறங்க வேண்டும். நிலையம் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அதற்கு டாக்சி முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. ஊற்றில் அரிய தட்டைப்புழுக்கள் வாழ்வதால் அது பாதுகாக்கப்பட்ட இடம். தண்ணீரைக் கலக்காமல் கரையில் நின்று பாருங்கள். அப்புறம் ஒரு மாலை, கேம்பிரிட்ஜிலிருந்து கிரான்செஸ்டருக்கு ஆற்றோரமாக மகளோடு நடந்துவிடுங்கள். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர்தான். மழை பெய்திருந்தால் கரை ஓரம் சேறாக இருக்கும், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.