வெள்ளத்தில் சிக்கிய ஊரில் அப்பா அம்மா, போன் போகவில்லை. எப்படி எடுத்துக்கொள்வது?

முதலில் ஒன்று: "ஸ்விட்ச் ஆஃப்" என்று வருவதை ஆளுக்கு ஆபத்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நான் வெளியூரில் இருந்தேன். ஜாபர்கான்பேட்டையில் பெற்றோர். இரண்டு நாள் தொடர்பே இல்லை. அவர்கள் மாடி வீட்டில் பத்திரமாக இருந்தார்கள், சார்ஜ்தான் இல்லை.

காரணம் எளிது. மின்சாரம் போனால் டவர்கள் பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் ஓடும். பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், தண்ணீர் சூழ்ந்தால் டீசல் போய்ச் சேராது. மிச்சமிருக்கும் டவர்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைக்க நெரிசல். அதனால் திரும்பத் திரும்ப அழைப்பதைவிட ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அதற்கு நெட்வொர்க்கில் சிறிது இடமே போதும், போன் உயிர் பெற்றதும் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. அவர்களின் பேட்டரியும் மிஞ்சும்.

அப்புறம், வெளியூரில் ஒரு உறவினரைப் பொதுவான ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். யாருக்குச் செய்தி கிடைத்தாலும் அவரிடம் சொல்லட்டும். எங்களுக்கு மதுரையில் சித்தி அப்படி இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மூலமாக அவருக்குத்தான் முதல் தகவல் வந்தது.

ஜப்பானில் இதையே முறையாக வைத்திருக்கிறார்கள். பேரிடர் நேரத்தில் 171 என்ற எண்ணில் குரல் செய்தி பதிந்து வைக்கலாம். உறவினர்கள் அதே 171-ஐ அழைத்து, பதிந்தவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்துக் கேட்டுக்கொள்வார்கள். நம் ஊரிலும் இப்படி ஒன்று கட்டாயம் வேண்டும்.

சரி, இப்போது உங்கள் பெற்றோரின் தெருவில் வேறு யார் எண் இருக்கிறது என்று பாருங்கள். மளிகைக்கடைக்காரர், பால்காரர், யாராக இருந்தாலும் சரி.