மாதவிடாய்க்கு முன் வரும் மார்பக வலிக்கு எந்த மருந்து?

கேள்வி: மாதவிடாய்க்குப் பத்து நாள் முன்பிருந்தே இரண்டு மார்பகங்களும் கனத்து வலிக்கின்றன. மருந்துக்கடையில் ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரையைத் தருகிறார்கள். இதைவிட நல்ல மருந்து உண்டா?

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மருந்துக்கடையில் பதினான்கு ஆண்டுகள் விற்பனையாளராக இருந்தவள். மருத்துவரோ மருந்தாளரோ அல்லள். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி இதே வலி எனக்கும் இருந்தது. நீங்கள் கேட்கும் அந்த மாத்திரைப் புட்டியை எத்தனையோ பெண்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன், சம்பளப் பணத்தில் நானும் வாங்கி விழுங்கியிருக்கிறேன். ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன்: தொடங்க வேண்டிய மருந்து அதுவன்று.

மருந்தைப் பற்றிப் பேசுமுன் வலி எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும். சுவரில் தொங்கும் நாட்காட்டியில், வலித்த நாளுக்கு ஒரு புள்ளியும் கடுமையாக வலித்த நாளுக்கு இரண்டு புள்ளிகளும், மாதவிடாய் தொடங்கிய நாளுக்கு ஒரு வட்டமுமாக இரண்டு மாதங்கள் குறித்து வாருங்கள். புள்ளிகள் வட்டத்துக்கு முன்னால் கூடிவந்து, இரத்தப்போக்குத் தொடங்கியதும் மறைந்தால், அது மாதச் சுழற்சியோடு வரும் வலி. பெரும்பாலும் இரு பக்கமும், அக்குளை ஒட்டிய மேல்புறத்தில் கனமாகத் தெரியும். புள்ளிகள் மாதம் முழுவதும் சிதறிக் கிடந்தால் காரணம் வேறாக இருக்கலாம். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிச் சாக்குத் தூக்கும் பெண்கள் பலர் மார்பக வலி என்று வந்து நிற்பார்கள். விலா எலும்பின் ஓரத்தை அழுத்தினால் அதே வலி கிளம்பும். அது மார்புச் சுவரின் வலி, மார்பகத்தின் வலியன்று. மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் முதலில் சிறுநீர்ச் சோதனை செய்யுங்கள், ஏனெனில் கருத்தரித்தாலும் மார்பகம் இப்படித்தான் கனக்கும்.

கட்டி, ஒரே இடத்தில் விடாமல் வலித்தல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு, தோல் குழிந்து போதல், காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்ளுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நாட்காட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். இல்லாவிட்டாலும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. அரசுச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். பெண் மருத்துவர் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு பெரும்பாலான பெண்களுக்கு மருந்தே தேவைப்படுவதில்லை. இது ஒப்புக்குச் சொல்லும் ஆறுதல் அன்று. வலியைவிட அந்த வலியின் மேலிருந்த அச்சமே பெரிது என்பதைக் கடையில் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதற்கு மேலும் வலித்தால், சரியான அளவில் நன்றாகத் தாங்கும் உள்ளாடையை, வலி மிகுந்த நாள்களில் இரவிலும் அணியுங்கள். அடுத்தது டைக்குளோஃபெனாக் பசை. மூட்டு வலிக்குத் தாத்தாமார்கள் தடவுவார்களே, அதே பசைதான். மருந்தில்லாத வெறும் பசையோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வில் இது மார்பக வலியைத் தெளிவாகக் குறைத்தது. தோலின் வழியே போவதால், விழுங்கும் மாத்திரையைவிட வயிற்றுக்குத் தொந்தரவு குறைவு. எங்கள் கடை மருந்தாளர் எனக்கு நாளுக்கு மூன்று முறை, காம்பைத் தவிர்த்து, வலிக்கும் இடத்தில் மட்டும் தடவச் சொன்னார். ஆஸ்பிரின் வகை மருந்துகளால் ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ வந்தவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. பசை கைவசம் இல்லாத நாளில் பாரசிட்டமோல் போதும்.

இனி அந்த எண்ணெய். அதிலுள்ள காமா லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்புச் சத்து, ஹார்மோன்களுக்கு மார்பகத் திசு காட்டும் மிகையான உணர்வைத் தணிக்கும் என்ற எண்ணத்தில் ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதிக் கொடுத்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில் அது வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை. பயனுக்குப் போதிய சான்று இல்லையென்று பிரிட்டனில் 2002-இல் இவ்வலிக்கான அதன் மருந்து உரிமமே விலக்கிக்கொள்ளப்பட்டது. பிறகு ஏன் பலருக்குக் கேட்கிறது என்கிறீர்களா? இந்த வலி தானாகவே சில மாதங்கள் கூடும், சில மாதங்கள் குறையும். மிகவும் வலிக்கும் மாதத்தில் புட்டி வாங்கினால் அடுத்த மாதம் குறைவது புட்டியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வைட்டமின் பி6, நீர் பிரியும் மாத்திரை ஆகியவற்றின் கதையும் ஏறக்குறைய இதுதான். கோப்பியை நிறுத்தச் சொல்லுவார்கள். இரண்டு மாதம் நிறுத்திப் பார்த்ததில் எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். கருத்தடை மாத்திரை எடுப்பவராக இருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், மாத்திரையை மாற்றினாலே வலி அடங்கக்கூடும்.

இவை எல்லாம் செய்தும் ஆறு மாதங்களுக்கு மேல் வேலையும் தூக்கமும் கெடும் அளவுக்கு வலித்தால்தான் ஹார்மோன் மருந்துகள். டானசோல் வலியைக் குறைக்கும், ஆனால் உடல் எடை கூடுதல், முகப்பரு, முகத்தில் முடி, மாதவிடாய்க் குழப்பம் என்று விலை கேட்கும். குரல் கனத்துவிட்டால் மருந்தை நிறுத்திய பிறகும் திரும்பாமல் போகலாம். தேவாரம் பாடுகிற என்னிடம் நிபுணர் அதை எடுத்துச் சொன்னபோது நான் உடனே மறுத்துவிட்டேன். நான் எடுத்தது டமோக்சிஃபென், நாளுக்கு 10 மில்லிகிராம், மூன்று மாதங்கள். இரண்டாம் மாதமே வலி போயிற்று. பதிலுக்கு உடல் திடீர் திடீரெனக் கொதித்தது. இது மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் மருந்து என்பதால், பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்த என் கணவர் நான் எதையோ மறைப்பதாக எண்ணி ஒரு இரவு முழுவதும் தூங்கவில்லை. உங்கள் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரத்தக்கட்டி ஏற்படும் வாய்ப்பை இது கூட்டும்; இவ்விரண்டு மருந்துகளுமே கருவைப் பாதிக்கும் என்பதால் ஹார்மோன் இல்லாத கருத்தடை முறை கட்டாயம் வேண்டும். புரோமோகிரிப்டின் குமட்டலாலும் தலைச்சுற்றலாலும் ஏறக்குறைய கைவிடப்பட்டுவிட்டது. கோசெரெலின் ஊசி மாதவிடாயையே நிறுத்தி எலும்பையும் தேய்க்கும் என்பதால், வேறு எதுவும் கேட்காதவர்களுக்கு மட்டும்.

டமோக்சிஃபெனை நிறுத்திய ஐந்தாம் மாதம் எனக்கு வலி திரும்பியது, ஆனால் பழைய வேகத்தில் அன்று. இப்போது நாட்காட்டியில் வட்டமிட்ட நாளிலிருந்து இருபதாம் நாள் வந்ததும் பசையை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் ஏற்கெனவே எண்ணெய்ப் புட்டியை வாங்கியிருந்து அது உடலுக்கு ஒத்துக்கொண்டால் முடித்துவிடுங்கள். அடுத்த புட்டிக்கான பணத்தில் நல்ல உள்ளாடை ஒன்றும் பசை ஒன்றும் வாங்கலாம்.