பருத்திக்கொட்டையும் அடிமைச் சந்தையும்: கேள்வி பதில்

1793இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் எலை விட்னி செய்த பருத்தி அரவை இயந்திரத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

வேலையைக் குறைக்க வந்த இயந்திரம் அடிமைகளைப் பெருக்கியது என்கிறார்களே, எப்படி?

அது எந்த வேலையைக் குறைத்தது என்று பாருங்கள். பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் வேலையை மட்டும்தான். அமெரிக்காவில் கடலோரத்தைத் தாண்டி உட்பகுதியில் விளையும் குட்டை இழைப் பருத்தியில் பச்சைக் கொட்டை பஞ்சை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து பிய்த்தாலும் அரை கிலோ பஞ்சு தேறாது. அதனால் அதைப் பெரிய அளவில் பயிரிட ஆளில்லை. விட்னியின் பெட்டியில் ஒரு நாளைக்கு 20 கிலோவுக்கு மேல் அரைக்க முடிந்தது. எவ்வளவு விளைந்தாலும் வாங்க இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகள் இருந்தன. ஆனால் களை வெட்டவும் பறிக்கவும் இயந்திரம் ஏது? அதற்கு மனிதக் கைதான் வேண்டும், அதுவும் கூலி கேட்காத கை. 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் ஏறக்குறைய 40 லட்சம்.

1808இல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை வந்துவிட்டதே?

வந்தது. அடிமைத்தாய்க்குப் பிறக்கும் பிள்ளையும் அடிமை என்ற சட்டம் இருந்ததால் தோட்டக்காரர்களுக்குப் பெரிய சிரமம் இல்லை. வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் புகையிலை போட்டுப் போட்டு மண் சத்திழந்து கிடந்தது. அங்கிருந்தவர்களைச் சங்கிலியில் பிணைத்து, அலபாமாவுக்கும் மிசிசிப்பிக்கும் நடத்தியே கூட்டிப்போனார்கள். நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்குக் கப்பலிலும் அனுப்பினார்கள். இப்படி இடம் மாற்றப்பட்டவர்கள் சுமார் 10 லட்சம் பேர். தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம். அந்தப் புதுத் தோட்டங்களின் நிலமும் சாக்டா, கிரீக், செரோக்கி மக்களை விரட்டிப் பிடுங்கியது. 1830இல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள்.

விட்னி பெரும் பணக்காரர் ஆகியிருப்பாரே?

பருத்தியில் இல்லை. அரைத்துக் கொடுக்க அவரும் கூட்டாளியும் பஞ்சில் ஐந்தில் இரண்டு பங்கு கேட்டார்கள். யார் கொடுப்பார்கள்? இயந்திரமோ எளியது: பல் வைத்த உருளை, கொட்டை நுழையாத கம்பிகள், பஞ்சைத் துடைத்தெடுக்க ஒரு பிரஷ். ஊர்த் தச்சரும் கொல்லரும் பார்த்துச் செய்துவிட்டார்கள். 1794இல் வாங்கிய காப்புரிமை வழக்குகளிலேயே கழிந்தது. அப்புறம் துப்பாக்கி செய்யப் போய்விட்டார்.

நம் ஊரில் முன்பே கொட்டை பிரிக்கும் மணை இருந்ததே?

இருந்தது. ஆனால் அது இரண்டு உருளைகளுக்கு நடுவே பஞ்சை இழுக்கும் வகை. அமெரிக்கக் கடலோர நீள இழைப் பருத்திக்கும் அதே வகைதான். அங்கே விளைந்த பச்சைக் கொட்டைக் குட்டை இழைக்கு அது சரிப்படவில்லை. 1840களில் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கப் பருத்தியைக் கோயம்புத்தூரில் பயிரிட்டுப் பார்த்தது. பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர்.

அடிமைகள் யாரும் கருவி கண்டுபிடிக்கவில்லையா?

கண்டுபிடித்தார்கள். மிசிசிப்பியில் நெட் என்ற கொல்லர் பருத்தி வயலுக்கு ஒரு கருவி செய்தார். அதன் காப்புரிமையைத் தனக்குக் கேட்டு அவருடைய எஜமானர் மனுப் போட்டார்! அடிமை குடிமகன் இல்லை, அதனால் அவர் கண்டுபிடிப்புக்கு நெட்டுக்கும் உரிமை இல்லை, எஜமானருக்கும் இல்லை என்று 1858இல் அரசு சொல்லிவிட்டது.

பறிக்கும் இயந்திரம் எப்போது வந்தது?

மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் பக்கம் 1944இல் விதைப்பிலிருந்து பறிப்பு வரை இயந்திரத்திலேயே ஒரு வெள்ளாமையை எடுத்துக் காட்டினார்கள். அடிமைமுறை ஒழிந்தபின் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக் குத்தகையில் கிடந்த கறுப்பினக் குடும்பங்கள் அதற்கு முன்பே சிகாகோவுக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்தன. அதன்பின் கூட்டம் இன்னும் பெருகியது.