லாகினுக்குப் பின் காணாமல் போகும் ஹாஷ்

கேள்வி: எங்கள் தளத்தில் குறிப்பிட்ட பத்திக்குச் செல்லும் இணைப்பைச் சொடுக்கினால், லாகின் செய்து திரும்பியதும் முகவரியில் # குறியும் அதன் பின்னிருந்த பகுதியும் (ஹாஷ்) மறைந்துவிடுகின்றன. சர்வர் பதிவிலும் தடயமில்லை. என்ன காரணம்?

பதில்: சர்வர் பதிவில் தேடிப் பயனில்லை, # குறியும் அதன் பின்வருவதும் பிரவுசரை விட்டு வெளியே செல்வதே இல்லை. ஆகவே, லாகின் முடிந்ததும் திரும்ப வேண்டிய இடமென்று சர்வர் குறித்துவைக்கும் முகவரியில் அப்பகுதி தொடக்கத்திலிருந்தே இருக்காது. ஆனால், சர்வர் ரீடைரக்ட் செய்யும், அதாவது திருப்பிவிடும், புதிய முகவரியில் தனி ஹாஷ் இல்லையெனில், பழையதைப் பிரவுசரே ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று 2014-இல் வெளியான ஆர்எஃப்சி 7231 என்ற இணைய நெறிமுறை ஆவணம் கூறியது, 2022-இல் அதற்குப் பதிலாக வந்த ஆர்எஃப்சி 9110-உம் அதையே கூறுகிறது. எனவே லாகின் பக்கம் வரை அது பெரும்பாலும் வந்துசேர்ந்திருக்கும். படிவத்தை அனுப்பும்போதுதான் தொலைகிறது. (முகவரிப் பட்டையைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும், ஏனோ பலரும் நேரே நிரலுக்குள் போய்விடுகிறார்கள்.)

லாகின் பக்கத்திலேயே ஜாவாஸ்கிரிப்ட் மூலம் லொக்கேஷன்.ஹாஷ் மதிப்பைப் படித்து, திரும்பும் முகவரியோடு சேர்த்துப் படிவத்தின் மறைபுலத்தில் (பயனருக்குத் தெரியாத உள்ளீட்டுப் புலம்) வைத்து அனுப்புங்கள். அம்முகவரியைக் கேள்விக்குறிக்குப் பின்னால் அளபுருவாக அனுப்புவதானால், என்கோட்யூஆர்ஐகம்போனென்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறு கொண்டு குறியாக்கம் செய்வது கட்டாயம். என்கோட்யூஆர்ஐ # குறியைத் தொடாது என்பதால் அது உதவாது.

அப்படியும் மறைந்தால், முகவரியைத் துப்புரவாக்க எழுதப்பட்ட ஹிஸ்டரி.ரீப்ளேஸ்ஸ்டேட் வரியைச் சந்தேகியுங்கள். அதற்கு லொக்கேஷன்.பாத்நேம் (பாதை), லொக்கேஷன்.சர்ச் (கேள்விக்குறியும் அதன் பின்வருவதும்) ஆகிய இரண்டை மட்டும் இணைத்துக் கொடுத்திருந்தால் ஹாஷ் ஓசையின்றி உதிர்ந்துவிடும், மூன்றாவதாக லொக்கேஷன்.ஹாஷையும் சேர்த்துவிடுங்கள்.